ஆறக்கூடாத புண்

புண் விரைந்து ஆறுதல் இயற்கை உடலுக்கு அளித்த கொடை. ஆயினும், ஆறிவிட்டால் பார்வையைப் பறித்துவிடும் புண் ஒன்றும் உண்டு. கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்காகச் செய்யப்படும் அறுவையின் புண்ணே அது. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்ட மக்களுக்கு இது புரியாத புதிரன்று. பால்மரத்தைச் சீவிய கோட்டில் பால் உறைந்து அடைத்துக்கொண்டால் ஒழுக்கு நின்றுவிடும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் அவர்கள்.

கண்ணுக்குள் ஓயாது சுரக்கும் நீர், மெல்லிய வடிகால் வழியே வெளியேறுகிறது. அவ்வடிகாலில் தடை நேர்ந்தால் உள்ளழுத்தம் ஏறி, பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலிகிறது. பெரும்பாலும் வலி இராது. ஓரப்பார்வை முதலில் தேயும். நோயாளி அதனை உணரும்போது காலம் கடந்திருக்கும். இழந்த பார்வை மீள்வதில்லை.

இந்நோயை எதிர்த்த வரலாற்றில் ஓர் அதிகாரம் தமிழ் மண்ணில் எழுதப்பட்டது. சென்னையில் 1819-இல் தொடங்கப்பெற்ற கண் மருத்துவமனை பின்னர் எழும்பூரில் நிலைகொண்டது. 1904 முதல் 1914 வரை அதன் தலைமையை ஏற்றிருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909-இல் புதியதோர் அறுவையைத் தொடங்கினார். கருவிழியும் வெண்விழியும் கூடும் விளிம்பில் வட்டக் கருவியால் சிறு துளையிட்டு, உள்நீர் மேற்சவ்வின் அடியில் வடியுமாறு செய்தார். அம்முறை உலகெங்கும் பரவியது. அதே காலத்திலேதான் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய தமிழர்கள், சிலாங்கூர்க் காடுகளை அழித்து ரப்பர்த் தோட்டங்களை உருவாக்கிக்கொண்டிருந்தனர்.

ஆனால், மருத்துவன் இட்ட வாய்க்காலை உடல் காயமென்றே கருதியது. நார்த்திசு வளர்ந்து தழும்பாகித் துளையை மூடியது. அழுத்தம் மீண்டும் ஏறியது. 1968-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேர்ன்ஸ், வெண்விழிப் படலத்தின் ஒரு பகுதியையே துளைக்கு மூடியாக்கும் முறையை வெளியிட்டார். நீர் அளவோடு வடிந்தது. எனினும் தழும்பு தோற்கவில்லை.

எனவே, தழும்பை வளர்க்கும் உயிரணுக்களையே அடக்க மருத்துவர் முனைந்தனர். புற்றுநோய்க்கு எதிரான மருந்துகள் இதற்குத் துணையாயின. 1983-இல் தைவானின் சென், மைட்டோமைசின் என்னும் மருந்தை அறுவையிடத்தில் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். மற்றொரு வழி கதிரியக்கம். ஸ்ட்ரோன்ஷியம்-90 பொருத்திய சிறு கருவியை அறுவையிடத்தில் சிறிது நேரம் வைத்துப் பீட்டா கதிர் செலுத்துவது அது. தென்னாப்பிரிக்காவில் நடைபெற்று 2006-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் அறுவை பயனற்றுப்போனோர், கதிர் பெறாதவர்களுள் நூற்றுக்கு 30 பேர். பெற்றவர்களுள் 5 பேர் மட்டுமே. ஆயினும் கதிர் பெற்றவர்களுக்குக் கண்புரை அறுவை மிகுதியாகத் தேவைப்பட்டது. மைட்டோமைசினுக்கும் விலை உண்டு: மேற்சவ்வு மிக மெலிந்து, ஆண்டுகள் கழித்தும் கிருமி புக இடமாகலாம்.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே: கத்தி வேலை முடிந்த நாளில் மருத்துவம் முடிவதில்லை. சொட்டு மருந்தும் அழுத்த அளவீடும் தொடர வேண்டும். அன்று ஒருநாள் மருத்துவமனைக்குச் சென்றால் ஒருநாள் கூலி போயிற்று. இன்று தோட்டங்கள் பல கைமாறிவிட்டன. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. ஆனால், கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ கண் மருத்துவரிடம் செல்லும் வழி முதியோர்க்கு இன்னும் நெடுவழியே. "கண் தெளிந்துவிட்டது" என்று அவர்கள் வீட்டில் தங்கிவிடும் காலத்தில் தழும்பு ஓசையின்றி வளர்கிறது. அறுவை செய்த கண் சிவந்தாலோ வலித்தாலோ அன்றே விரைய வேண்டும். இந்நோய் குடும்ப வழியிலும் வரக்கூடுமாதலால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் கண்களைச் சோதித்துக்கொள்ளுதல் நன்று.

மரத்தின் வெட்டுவாய் அடையாதிருக்க, விடியுமுன் எழுந்து மீண்டும் மீண்டும் அதனைத் தேடிச் சென்றவர்கள் தோட்டத்துப் பாட்டனும் பாட்டியும். அவர்தம் கண்ணின் வாய்க்கால் அடையாதிருக்கக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுதல் பேரப்பிள்ளைகளின் கடனாகும்.