கிருமியைத் தேடினார்கள், தட்டைப் பார்க்கவில்லை

நியாசின் என்றால் எங்களுக்கு விட்டமின் மாத்திரைப் போத்தல்தான் ஞாபகம் வரும். அதுக்குப் பின்னால ஒரு வறுமையின் வரலாறு இருக்கு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலாக்ரா பரவியது. தோல் கறுத்து வெடித்து, வயிற்றோட்டம் கண்டு, புத்தி பேதலித்துச் சனம் செத்தது. கிருமிதான் காரணம் என்று பலர் நம்பினார்கள். 1914இல் அரசு அனுப்பிய வைத்தியர் ஜோசப் கோல்ட்பேர்கர் வேறொன்றைக் கவனித்தார். மனநோய் விடுதிகளில் நோயாளிகளுக்கு வருகிற பெலாக்ரா பணியாளர்களுக்கு வரவில்லை. தொற்று நோய் ஆள் பார்த்தா வரும்?

1915இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணையொன்றில், விடுதலை தருவதாகச் சொல்லி, 11 கைதிகளுக்கு ஏழைகளின் சோளமாச் சாப்பாட்டையே கொடுத்தார். 6 பேருக்கு நோய் கண்டது. இன்றைக்கு நாங்கள் ஏற்கமுடியாத பரிசோதனை அது. அடுத்த வருடம் அவரும் மனைவியும் நண்பர்களும் நோயாளிகளின் இரத்தத்தைத் தங்கள் உடம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தொற்றவில்லை.

சோளத்தை மட்டும் குறைசொல்ல ஏலாது. மெக்சிக்கோவின் பழங்குடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் அவித்தே அரைத்தார்கள். சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் அப்போதுதான் உடம்புக்குக் கிடைக்கும். உலகமெங்கும் போனது தானியம். அந்தச் சமையல்முறை கூடப் போகவில்லை.

கோல்ட்பேர்கர் 1929இல் இறந்தார். குறைந்த சத்து நியாசின்தான் என்பது 1937இல் தெரியவந்தது. ஆனால் ஆலைத் தொழிலாளர் கிராமங்களில் வருமானம் குறையக் குறைய நோய் கூடுவதை அவரது குழு அதுக்கு முன்னமே கணக்கெடுத்துக் காட்டிவிட்டது. விட்டமினின் கதையைச் சொல்லும்போது நாங்கள் அந்தக் கூலிக் கணக்கையும் சேர்த்தே சொல்லவேணும்.