தனம்மாளின் விரல்நகம்

வீணை தனம்மாளைப் (1867–1938) பற்றி எழுதியவர்கள் பலரும் அவருடைய வீணை எவ்வளவு மெல்லக் கேட்கும் என்பதில்தான் தொடங்குகிறார்கள். சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை கூடிய ரசிகர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டார்களாம். அந்த மென்மையைப் பெண்ணின் இயல்பு, நளினம் என்று சொல்லிப் பாராட்டி முடித்துவிடுகிறது நம் இசை வரலாற்றெழுத்து. எனக்கு இதில் உடன்பாடில்லை. அது விரல் தெரிந்தே எடுத்த முடிவு.

வீணை வாசிப்பவர்களில் பலர் வலக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பியில் வளைத்த செயற்கை நகம் மாட்டிக்கொள்வார்கள். ஒலி கூர்மையாகும், தூரம் போகும். தனம்மாள் மாட்டிக்கொள்ளவில்லை, சொந்த நகமே போதும் என்றிருந்தார். ஒரு மீட்டின் அதிர்வு அடங்குவதற்குள் இடக்கை தந்தியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களை வாங்கிவிடும். மீட்டு குறையக் குறைய வீணை குரலை நெருங்கும். மிருதங்கமும் வைத்துக்கொள்ளவில்லை, வாசித்துக்கொண்டே பாடினார். தூரத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஏற்காத ஒருவரால்தான் இது முடியும்.

விரலால் கிட்டார் மீட்டுபவர்கள் கொண்டாடும் எலிசபெத் காட்டனை இங்கே நினைக்கிறேன். 1893இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண், இடக்கைப் பழக்கம். வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் கீழ்ச்சுரங்களையும் வாசித்தார். திருச்சபை கண்டித்ததால் கிட்டாரைக் கீழே வைத்தவர், பல பத்தாண்டுகள் வீட்டுவேலை செய்தார். முதல் இசைத்தட்டு 1958இல் வந்தபோது வயது 65. சிறுமியாக அவர் கட்டிய ‘ஃபிரெய்ட் டிரெய்ன்’ பாட்டை அதற்குள் இங்கிலாந்தில் வேறு இருவர் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். இன்று அந்த விரல்முறைக்கே ‘காட்டன் பிக்கிங்’ என்று பெயர்.

தனம்மாளின் முறைக்கு அப்படி ஒரு பெயர் நிலைக்கவில்லை. காரணம், அது வீணையைத் தாண்டிவிட்டது. பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அதைக் குரலில் வாங்கினார்கள். க்ஷேத்ரக்ஞர் பதங்களை அவர்கள் பாடும் அவசரமில்லாத காலப்பிரமாணத்தில், அடங்கும் தந்தியைப் பின்தொடர்ந்த பாட்டியின் இடக்கை இருக்கிறது. இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி அதை அபிநயத்துக்குக் கொண்டுபோனார். பேரன் விஸ்வநாதன் புல்லாங்குழலுக்கு. இருவரும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்கள். பிருந்தாவிடம் கற்றவர்களில் ராம்நாட் கிருஷ்ணனும் அருணா சாய்ராமும் உண்டு.

இவர்கள் தேவதாசி மரபில் வந்த குடும்பம் என்பதை மெதுவாகச் சொல்லி நகர்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் சுசீந்திரம் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அங்குள்ள கோயில்களில் தாசி முறை 1930இல் ஒழிந்தது. சென்னை மாகாணச் சட்டம் 1947இல் வந்தது. பொட்டுக்கட்டு ஒழிந்தாக வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அவர்களுடைய பதங்களும் ஜாவளிகளும் சபா மேடைக்குப் போன வேகத்தில், பாடிய பெண்கள் போகவில்லை. பாலசரஸ்வதிக்குச் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1973இல் வந்தது, பிருந்தாவுக்கு 1976இல். பாட்டி இறந்து அப்போது 38 ஆண்டுகள்.