நாலுக்கு மூன்று

1993ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது 'டூம்' என்னும் கணினி விளையாட்டு. அதனை, 2014ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட 'சர்ஃபேஸ் புரோ 3' என்னும் டேப்லெட்டில், திரை முழுவதும் இழுத்துப் பரப்பி இயக்குவோர் ஒரு விந்தையைக் காண்பர். திரையின் அடியில் தோன்றும் வீரனின் முகம் பக்கவாட்டில் அகன்று, ஊதிப்போனதுபோல் காட்சி தரும். பழுது எங்கே என்று தேடப் புகுந்தால், கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னே, 1890களின் அமெரிக்காவுக்கே செல்ல வேண்டியதாகிறது.

அங்கு எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வில்லியம் டிக்சன் என்பார், 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளில், ஒவ்வொரு படத்துக்கும் ஓரத்துளைகள் நான்கு என்று வகுத்தார். அதனால் படத்தின் அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்னும் வடிவம் அமைந்தது. பின்னர் எழுந்த தொலைக்காட்சியும் இவ்வடிவத்தையே மேற்கொண்டது. வீட்டுக்குள் புகுந்த அந்தப் பெட்டியால் கொட்டகைகள் வெறிச்சோடவே, 1953ஆம் ஆண்டில் சினிமாஸ்கோப் முதலிய அகன்ற திரைகளைச் சினிமா நாடியது. தன்னை விரட்டிய தொலைக்காட்சியிடமே தன் பழைய சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சினிமா சென்றது எனலாம். அந்தச் சட்டையையே, தொலைக்காட்சிப் படக்குழலின் வழியாக, மேசைக் கணினியும் அணிந்துகொண்டது.

ஆயினும் கணினிக்குள் வேறொரு கணக்கு இருந்தது. 1987ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் கொணர்ந்த வி.ஜி.ஏ. என்னும் காட்சிமுறையில், 256 வண்ணங்களை ஒருங்கே காட்டும் வசதி, அகலத்தில் 320 புள்ளிகளும் உயரத்தில் 200 புள்ளிகளும் கொண்ட படத்துக்கே நேராகக் கிட்டியது. ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்று கொண்டால் மொத்தம் 64,000 பைட்டுகள். அக்காலச் செயலி ஒரே பகுதியாகக் கையாளக்கூடிய நினைவகமோ 65,536 பைட்டுகள். எனவே படம் முழுவதும் ஒரு பகுதிக்குள் அடங்கிற்று. நிரல் எழுதுவோர்க்கு இஃது பெரும் வசதி. 240 வரிகள் வேண்டுமென்றால் 76,800 பைட்டுகள் தேவைப்படும். ஒரு பகுதியில் அது கொள்ளாது.

320க்கு 200 என்பது நாலுக்கு மூன்று அன்று, எட்டுக்கு ஐந்து. அதனை நாலுக்கு மூன்று வடிவுள்ள படக்குழல் தன் முகப்பு முழுவதும் நிரப்பிக் காட்டியபோது, ஒவ்வொரு புள்ளியும் தன் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உயரம் பெற்றது. ஓவியர் முழுநிலவொன்றை வரைய எண்ணினால், அகலத்தில் 60 புள்ளியும் உயரத்தில் 50 புள்ளியும் இட வேண்டும். கணக்கில் அது நீள்வட்டம், திரையிலோ நிறைவட்டம். இதனை உணர்ந்து வரைந்தோர் பலர். உணராதும் பொருட்படுத்தாதும் விட்டோரும் உளர். அவர்தம் படங்களில் அன்றே நிலவு ஒல்லிதான்! ஆகவே எல்லாப் பழைய விளையாட்டுக்கும் ஒரே மருந்து என்று சொல்வதற்கில்லை.

படக்குழல் நெகிழ்ச்சியுடையது. மின்கற்றை 200 வரிகளாகவும் ஓடும், 480 வரிகளாகவும் ஓடும். தட்டைத் திரைக்கு அந்நெகிழ்ச்சி இல்லை. அதன் புள்ளிகள் ஆலையிலேயே எண்ணிப் பதிக்கப்பட்டவை. பழைய விளையாட்டு 640க்கு 480 என்று கேட்கும்போது, அதனை எங்ஙனம் பொருத்துவது என்பதைக் கணினியின் காட்சி மென்பொருளே முடிவு செய்கிறது. திரை முழுவதும் இழுத்து நிரப்பலாம். மேலும் கீழும் வெட்டலாம். அல்லது விகிதம் கெடாமல் பெருக்கி, இருபுறமும் கரும்பட்டை விடலாம்.

திரைகளின் வடிவமும் இதற்கிடையே பலவாறு பிரிந்தது. 2010ஆம் ஆண்டின் முதல் ஐபேட் நாலுக்கு மூன்றையே வைத்துக்கொண்டது. 2013ஆம் ஆண்டின் முதல் சர்ஃபேஸ் புரோ, அகன்ற தொலைக்காட்சியைப்போலப் பதினாறுக்கு ஒன்பது. அடுத்த ஆண்டின் சர்ஃபேஸ் புரோ 3, மூன்றுக்கு இரண்டு. கணினி உலகில் இது புதுமையாகத் தோன்றினும், புகைப்படக்காரர்க்குப் பழகிய வடிவமே. டிக்சனின் வழிவந்த சினிமாச் சுருளை ஆஸ்கர் பர்னாக் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, 18க்கு 24 மில்லிமீட்டர்ச் சினிமாப் படங்கள் இரண்டின் இடத்தை ஒன்றாக்கி, 24க்கு 36 என்று அமைத்தார். 1925ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவின் படம் அதுவே. ஆக, ஒன்றோடொன்று பொருந்தாத இவ்விரு வடிவங்களும் ஒரே சுருளில் பிறந்தவை.

இழுத்து நிரப்புவதைப் பலர் விரும்புகின்றனர். விலை கொடுத்து வாங்கிய திரையில் ஓர் ஓரம் இருண்டு கிடக்கப் பலர்க்கு மனம் ஒப்புவதில்லை. ஆனால் நாலுக்கு மூன்றான படத்தை மூன்றுக்கு இரண்டாக இழுத்தால், ஒவ்வோர் உருவும் எட்டில் ஒரு பங்கு பருக்கிறது. பதினாறுக்கு ஒன்பதாக இழுத்தாலோ மூன்றில் ஒரு பங்கு! ஓவியர் எண்ணாத ஓர் உடலை அவர் வரைந்த உருவுக்கு ஒட்டிவைக்கும் செயல் இது. நூலொன்றைப் பதிப்பிக்கப் புகுந்தவர், பக்கம் நிரம்பவில்லை என்பதற்காகச் செய்யுளில் சீர்களைக் கூட்டுவாரா? ஓரத்து வெள்ளையை அப்படியே விடுவார்.

சர்ஃபேஸ் புரோ 3 திரையில் 2160க்கு 1440 புள்ளிகள் உள்ளன. 1998ஆம் ஆண்டின் 'ஸ்டார்கிராஃப்ட்' போன்று 640க்கு 480 அளவில் அமைந்த விளையாட்டை மும்மடங்கு பெருக்கினால் 1920க்கு 1440 ஆகும். உயரம் இம்மியும் பிசகாமல் நிரம்புகிறது. பக்கத்துக்கு 120 புள்ளிகள் மட்டும் இருளில் நிற்கின்றன. 'டூம்' காலத்து 320க்கு 200 அளவு அத்துணை எளிதில் இணங்குவதில்லை. உயரத்தை முழுதும் நிரப்ப முயன்றால் ஒவ்வொரு வரியும் 7.2 மடங்காக வேண்டும்; பின்னப் பெருக்கத்தால் சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் போகும், அல்லது யாவும் மங்கும். அகலத்தை ஐந்து மடங்காகவும் உயரத்தை ஆறு மடங்காகவும் பெருக்குவோர், 1600க்கு 1200 என்னும் சிறு சதுக்கத்தைப் பெறுகின்றனர். நாற்புறமும் இருள் சூழ்ந்திருக்கும். பக்கங்களில் 280, மேலும் கீழும் 120. அதற்குள் 60க்கு 50 என்று வரைந்த நிலவு, 300க்கு 300 ஆகிறது.