முத்து இல்லாத ஆண்டுகளில்

தூத்துக்குடிக் கடலில் 1926, 1927, 1928 ஆகிய மூன்று ஆண்டுகளும் அடுத்தடுத்து முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு 1955 வரை இல்லை. இடையில் 27 ஆண்டுகள். 1928இல் இருபது வயதில் கடலடிக்கு இறங்கிய குளியாளிக்கு, மறுபடி முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டபோது நாற்பத்தேழு வயது. அவருடைய மகன் விளைந்த முத்துப்பாரைப் பார்த்திருக்கவே வழியில்லை. ஆனாலும் 1955இல் தோணிகள் புறப்பட்டன, ஆட்கள் இறங்கினார்கள், 1961 வரை தொடர்ந்து சிப்பி அள்ளினார்கள். ஒரு தலைமுறைக் காலம் வேலையே இல்லாத தொழிலுக்குத் தேர்ந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்?

இப்படிப்பட்ட இடைவெளி அந்தக் கரைக்குப் புதிதல்ல. 1830க்குப் பிறகு 1860களின் தொடக்கம் வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு இல்லை. 1862க்குப் பிறகு 1889 வரை மறுபடி இல்லை. முத்துச்சிப்பி மனிதர் நினைத்த ஆண்டில் விளைவதில்லை. கரையிலிருந்து வெகுதூரத்தில், கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத்தட்டுகளைத்தான் 'பார்' என்பார்கள். நீரோட்டத்தில் மிதந்து வரும் சிப்பிக் குஞ்சுகள் அதில் ஒட்டிப் பிழைத்தால் சில ஆண்டுகளில் அறுவடை. மணல் மூடினாலும் மீன்கள் மேய்ந்தாலும் அத்தனையும் போச்சு. தொள்ளாயிரம் பார் போன்ற பேர்பெற்ற பார்களே பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்திருக்கின்றன.

கொற்கை முத்தைப் பற்றிக் கிரேக்க மாலுமியின் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளுஸ் பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோவும் இந்தக் கடலின் முத்துக்குளிப்பை விவரித்திருக்கிறார். அரசர்களும் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதன்மேல் கண்வைத்ததை வரலாற்று நூல்கள் விரிவாகவே சொல்கின்றன. முத்து எடுத்த ஆண்டுகளைப் பற்றித்தான் அவற்றில் பேச்செல்லாம். எடுக்காத ஆண்டுகளில் அந்த வித்தை எப்படி உயிரோடு இருந்தது என்பது அதைவிடப் பெரிய கதை.

விடை சங்கில் இருக்கிறது.

வங்காளத்தில் திருமணமான பெண்கள் அணியும் சங்கு வளையலுக்கு டாக்காவின் சங்கறுப்பவர்கள் மன்னார் வளைகுடாச் சங்கைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். அதனால் முத்தைப் போலவே சங்கையும் அரசு தன் உரிமையாக வைத்துக்கொண்டது. வடகிழக்குப் பருவமழையின் சீற்றம் தணிந்து கடல் தெளியும் மாதங்களில் தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் சங்கு குளிக்கப் போவார்கள். முத்துக்குளிப்புக்குப் போகிற அதே ஆட்கள். ஏறத்தாழ அதே ஆழம். முத்து பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, சங்கு பெரும்பாலும் ஆண்டுதோறும்.

சங்கு குளிப்பது ஒருவகையில் கூடுதல் கடினம். சிப்பி பாறையில் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். இறங்கிய இடத்திலேயே இரு கையாலும் பறித்துக் கூடையில் போடலாம். சங்கோ மணலில் பாதி புதைந்து, ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று கிடக்கும். அது ஊர்ந்த தடத்தை மணலில் கண்டுபிடித்து, அந்தத் தடத்தோடே நீந்திப்போக வேண்டும். அதுவும் ஒரே மூச்சில். எடுத்து வந்ததைக் கரையில் அளவு வளையத்தில் போட்டுப் பார்ப்பார்கள். வளையத்துக்குள் நழுவி விழுகிற சின்னச் சங்கு கடலுக்கே திரும்பிப் போகும். ஆகவே கண்ணும் நிதானமும் நுரையீரலும் ஒருசேரப் பழகின. இப்படிப் பழகியவருக்கு முத்துப்பார் ஒன்று விளைந்துவிட்டது என்று செய்தி வந்தால் புதிதாகக் கற்க அதிகம் இருக்காது.

பார்களின் நிலையை அறிய அரசு குளியாளிகளை இறக்கிச் சோதிப்பதும் வழக்கம். விளைச்சல் இல்லாத காலத்திலும் இந்தச் சோதனை நடந்தது. எந்தப் பார் எங்கே முடிகிறது, எதில் மணல் ஏறியிருக்கிறது, எதில் குஞ்சு பிடித்திருக்கிறது என்ற செய்தியெல்லாம் குளியாளி கையால் தடவிப் பார்த்துச் சொன்னதுதான். சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1914இல் சங்கைப் பற்றியும் 1922இல் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா முத்துக்குளிப்பு பற்றியும் எழுதிய நூல்கள் இன்றும் ஆதாரமாக நிற்கின்றன. அந்த அறிவுக்கு அடித்தளம் போட்டவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாத பரதவர்கள் என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

இறங்கும் முறையில் பாதுகாப்பும் பயிற்சியும் சேர்ந்தே இருந்தன. ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளிகள். ஒருவர் கல்லின் வளையத்தில் கால் வைத்து இறங்குவார். மற்றவர் மேலே இளைப்பாறுவார். பிறகு முறை மாறும். மேலே கயிறு பிடிப்பவருக்கு இழுப்பின் குறிப்பு தெரிய வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் ஆள் போய்விடும். அதனால்தான் கயிறு மச்சான் கையில் இருக்க வேண்டும் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். தங்கை தாலியை நினைத்தாவது கண்ணயராமல் இருப்பார் என்பது கணக்கு. எத்தனை பேர் அப்படியே செய்தார்கள் என்பது வேறு விஷயம். நம்பிக்கையான ஒருவர் மேலே நிற்பதால் கீழே இருப்பவர் பதறாமல் வேலை செய்தார் என்பது உண்மை.

பதற்றம்தான் மூச்சின் எதிரி. பதறும் உடல் ஆக்சிஜனை வேகமாகச் செலவழிக்கும். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' கரையில் நிற்காவிட்டால் குளியாளிகள் இறங்க மறுத்ததை ஆங்கிலேய அதிகாரிகள் மூடநம்பிக்கை என்று எழுதினார்கள். ஆனால் மனத்தை அடக்கிக் கொடுத்த அந்த ஏற்பாட்டுக்கு அவர்களும் கூலி கொடுத்தே வந்தார்கள்.

1905இல் இலங்கைப் பக்கம் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரும் முத்துக்குளிப்புக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபியரும் வந்தார்கள். அவர்கள் மூக்கில் கவ்வி மாட்டி இறங்குவார்கள். நம்மவர்கள் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும். மூடிய மூக்குக்கு எதிராகக் காற்றைத் தள்ளிச் செவிப்பறையைக் காப்பது இன்று ஸ்கூபா வகுப்பின் தொடக்கப் பாடம்.

அந்த ஸ்கூபா 1950களின் இறுதியில் தூத்துக்குடிக்கு வந்தது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அனுப்பிய இத்தாலிய நிபுணர் பாஸ்கியேரி சால்வதோரி முத்து, சங்குப் படுகைகளைப் பற்றி 1960இல் அறிக்கை தந்தார். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் இருவரும் முதுகில் காற்றுக்கலன் கட்டித் தாங்களே இறங்கி, கடலடியைக் கண்ணால் கண்டு 1960களில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்கள். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் வேப்பலோடையில் முதன்முதலாக இந்திய வளர்ப்பு முத்து உருண்டு வந்தபோதும், அதற்கான சிப்பிகளைப் பாரிலிருந்து ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சங்குக்காரர்களிடம் வந்து சேர்ந்தது வேறொன்று: படகில் கம்ப்ரசர், அதிலிருந்து நீளும் குழாய், அதை வாயில் கடித்துக்கொண்டு கடலடியில் மணிக்கணக்கில் வேலை. இங்கேதான் பழைய பயிற்சி ஆபத்தாகத் திரும்பியது. மூச்சை அடக்கி இறங்கியவர் மேலே வரும்போதும் அடக்கியே வரலாம். நுரையீரலில் இருப்பது மேலே இழுத்த காற்றுதான். ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கி மேலே வந்தால் அந்தக் காற்று விரிந்து நுரையீரல் கிழியும். மெல்ல ஏறாமல் விரைந்து வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டை முறுக்கும், காலைச் செயலிழக்க வைக்கும். தலைமுறைகளாகக் கைவந்த வழக்கத்தை மறந்து வேறொன்றைப் பழக வேண்டிய கட்டாயம் இது. பொழுதுபோக்குக்கு முக்குளிப்பவர் நீண்ட நாள் கழித்துத் திரும்பினால், முகமூடியில் புகுந்த நீரை வெளியேற்றுவது முதல் ஏறும் வேகம் வரை மறுபடி செய்துகாட்டச் சொல்கிறார்கள் பயிற்சியாளர்கள். சங்குப் படகில் கம்ப்ரசர் குழாயைக் கடித்து இறங்கும் இளைஞனுக்கும் அந்த மறுபயிற்சி கிடைக்க வேண்டும். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் தங்கலாம் என்ற அட்டவணையை அவனுடைய பேச்சுத் தமிழில், அவனுடைய படகிலேயே சொல்லித்தர ஆள் வேண்டும்.