மரத்தில் எழுதும் வரலாறு: 'அன்னபூரணி'யும் மாதிரிப் பாய்க்கப்பற் கலையும்

தமிழரின் கடலோடி வாழ்வைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இலக்கியச் சான்றுகளிலிருந்தே தொடங்குவர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைப் பாடிற்று. புறநானூற்றுப் புலவர் காற்றை ஆண்டு கலஞ் செலுத்தியோரைப் பாடினர். சாதவாகனர் நாணயங்களிலே இரு பாய்மரங்கள் கொண்ட கப்பல் பொறிக்கப்பட்டுள்ளது. இவை யாவும் பெருமைக்குரியனவே. எனினும், அக்கலங்கள் எவ்வாறு கட்டப்பட்டன, பாய்கள் எக்கயிற்றால் ஏற்றப்பட்டு எக்கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டன என்னும் வினாக்களுக்குப் பாட்டும் நாணயமும் முழுமையாக விடையிறுப்பதில்லை. கப்பல் இருந்தது என்பதை அறிதல் ஒன்று. கப்பலை அறிதல் வேறொன்று. இரண்டாவது அறிவைப் பெறுதற்கு மாதிரிக்கப்பல் எத்துணைச் சிறந்த கருவியாக அமையும் என்பதை, ஈழத்துக் கலமொன்றைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாதிரியும் வரலாற்றுச் சான்றும்

மாதிரிக்கப்பலைச் சிறுவர் விளையாட்டுப் பொருளென்றோ கண்ணாடிப் பேழைக்கு அணிகலனென்றோ கருதுவாருளர். உலக வரலாறு அவ்வாறு கருதவில்லை. 1922ஆம் ஆண்டு கண்டறியப்பெற்ற எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையிற் கிடைத்த மரக்கல உருவங்கள், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நைல் நதிக் கலங்களை நமக்கு அறிமுகஞ் செய்தன. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடற்படையினர் போர்க்கப்பல்களின் நுண்மாதிரிகளைச் செய்வித்தனர். பிரான்சிலே துய்யமேல் என்னும் அறிஞர் தாம் திரட்டிய கப்பல் மாதிரிகளை 1748இல் பதினைந்தாம் லூயி மன்னனுக்கு அளித்தார். பாரிஸ் நகரக் கடல்சார் அருங்காட்சியகத்தின் மூலவித்து அதுவே.

நம் நாட்டிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையின் தென்மேற்குக் கரையில் 'யாத்ரா தோணி' என்னும் பெருங்கலங்கள் வழங்கின. பலகைகளைக் கயிற்றால் தைத்துப் பக்கமிதவை பூட்டிய இக்கலங்களுள் இறுதியானது 1930ஆம் ஆண்டு மாலைதீவுக் கடலில் உடைந்தழிந்தது. அவ்வகைக் கலம் இன்று எவர் கண்ணுக்கும் தென்படாது. ஆயினும், தொடந்துவையிலுள்ள குமாரகந்த விகாரையிற் பேணப்பட்ட மாதிரியொன்று, அதன் வடிவையும் பாய் அமைப்பையும் ஆய்வாளர்க்கு உணர்த்தி நிற்கின்றது. கலம் அழிந்தது, மாதிரி அதன் சாட்சியாய் எஞ்சியது.

வல்வெட்டித்துறையின் அன்னபூரணி

தெற்கிலே யாத்ரா தோணி மறைந்த அதே 1930ஆம் ஆண்டளவில், வடக்கிலே வல்வெட்டித்துறைக் கரையிற் புதிய கலமொன்று உருப்பெற்றது. 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பெயர் தாங்கிய அக்கப்பலின் நீளம் 89 அடி. அகலம் 19 அடி. இரு பாய்மரங்கள் கொண்டது. அதனைக் கட்டிய கைவினைஞரை ஊரார் சுந்தர மேத்திரியார் எனப் போற்றுவர். அக்காலத்து வல்வெட்டித்துறைக் கலங்கள் பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் ஏற்றி வந்தன; தென்னிந்தியக் கரைகளோடும் வாணிகம் நடத்தின.

வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர், 'ஸ்வாப்' என்ற முப்பத்திரண்டு அடிப் பாய்ப்படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்தவர். கடலையும் கலத்தையும் நன்கறிந்த அவர், அன்னபூரணியைக் கண்டு விரும்பி விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் அதற்குப் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் சூட்டினார். 1937ஆம் ஆண்டிற் புறப்பட்ட அக்கலம் ஏடன், சுயெஸ், ஜிப்றோல்ற்றர், பெர்மியூடா வழியாக அற்லாந்திக் மாகடலைக் கடந்து, 1938 ஆகத்து மாதத் தொடக்கத்தில் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை முதலாய வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதனிற் சென்றனர்.

இவ்விடத்து ஒரு வரலாற்று ஒப்புமையைச் சுட்டுதல் தகும். யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றில் அழியா இடம்பெற்ற டானியல் பூவர் முதலான அமெரிக்க மிசனரிமார், 1815 ஒக்ரோபர் மாதத்தில் 'டிரையட்' என்னும் பாய்க்கப்பலேறி, 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தனர். அவர்கள் கப்பலேறிய துறை நியூபெரிப்போட். அதுவும் குளோஸ்ரரும் மசாசூசெற்சின் எசெக்ஸ் மாவட்டத்து ஊர்களேயாம். அங்கிருந்து ஒரு பாய்க்கப்பல் நமக்குக் கொணர்ந்த ஆங்கிலக் கல்வியை நாம் விரிவாக எழுதி வைத்துள்ளோம். நூற்றிருபத்திரண்டு ஆண்டுகளின் பின் அதே கரைக்கு இங்கிருந்து சென்ற பாய்க்கப்பல் கொண்டு சேர்த்த தொழில்நுட்பத்தையோ, சென்றது என்ற செய்தியளவில் நிறுத்திவிட்டோம்.

உடல் அமைத்தல்

அக்குறையை மாதிரி எவ்வாறு நிறைவு செய்யும்? நாற்பத்தெட்டில் ஒன்று என்னும் அளவைக் கொள்வோம். அஃதாவது ஓரடிக்குக் கால் அங்குலம். அன்னபூரணி இருபத்திரண்டே கால் அங்குல நீளமும் நாலே முக்கால் அங்குல அகலமும் கொண்டு ஒரு மேசையில் அமர்ந்துவிடும். இரண்டு அங்குலக் கனப்பலகை ஒரு மில்லிமீற்றர் சீவலாகவும், ஓர் அங்குலக் கயிறு அரை மில்லிமீற்றர் நூலாகவும் சுருங்கும்.

முதலில் இடப்படுவது ஏரா. கப்பலின் முதுகெலும்பாகிய அதன் இரு முனைகளிலும் அணியத்தின் நெடுங்கட்டையும் பின்கட்டையும் நிறுத்தப்படும். அடுத்து வங்குகள், இவை விலாவெலும்புகள். நடுவங்கு அகன்றும், அணியத்தை அணுகுந்தோறும் ஒடுங்கியும் செல்லும் இவற்றின் வளைவே கப்பலின் குணத்தைத் தீர்மானிப்பது. நடுவே பருத்தால் சரக்கு மிகுதியாய்க் கொள்ளும். ஒடுங்கினால் விரைந்து செல்லும். பின்னர் வங்குகளின் மேற் பலகை பாவப்படும். நேர்ப்பலகை வளைந்த உடலிற் பொருந்தாது. நடுவில் அகன்று முனைகளிற் குறுகுமாறு சீவி, வெந்நீரில் ஊறவைத்து வளைத்தே பொருத்த வேண்டும். வலப்புறத்து ஒரு பலகை இட்டால் இடப்புறத்தும் ஒன்று இடுதல் வேண்டும். தவறின் ஏரா ஒருபுறம் வளைந்துவிடும்.

பெருங்கப்பலைக் கட்டிய மேத்திரியார் இவற்றைக் கண்ணளவாலும் கைக்கணக்காலும் தலைமுறைப் பழக்கத்தாலும் செய்தார். 1950ஆம் ஆண்டு சென்னையில் அச்சேறிய 'கப்பல் சாத்திரம்' போன்ற நூல்கள் மரத்தின் இலக்கணத்தையும் கலத்தின் அளவுகளையும் கூறுகின்றன. ஆயின், வங்கின் வளைவைச் செய்யுளிற் கூறிவிடல் எளிதன்று. அது கையிலிருந்து கைக்குச் சென்ற கல்வி. அக்கை ஓய்ந்தபின் அக்கல்வியை மீட்க வேண்டுமாயின், நாமும் கையாலேயே முயலுதல் வேண்டும்.

கயிறு பூட்டுதல்

உடலினும் கடினமானது கயிறு பூட்டுதல். பாய்க்கப்பலின் கயிறுகள் இருவகைப்படும். பாய்மரத்தை அசையாது தாங்கி நிற்பவை ஒருவகை. பாயையும் பருமலையும் இயக்குபவை மற்றொரு வகை. முன்னவற்றைப் பூட்டிய பின்னரே பின்னவற்றைப் பூட்டுதல் முறை. பாய்மரத்தை முன்னிழுக்கும் கயிறு, பின்னிழுக்கும் கயிறு, இருபக்கத்துக் கயிறுகள் ஆகியவை ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதாலேயே மரம் நிமிர்ந்து நிற்கின்றது. இயக்கு கயிறுகளுள் பாயை மேலேற்றுவது ஆஞ்சான். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிப்பது தாமான். இவை ஒவ்வொன்றும் எங்குத் தொடங்கி, எக்கப்பியினூடே சென்று, மேற்றளத்தில் எவ்விடத்திற் கட்டப்படும் என்பதை அறியாது நூலைக் கட்ட முடியாது.

இங்கேதான் மாதிரி வரலாற்றாசிரியனைக் கேள்வி கேட்கின்றது. அன்னபூரணி 'ஸ்கூனர்' என்றும் 'பிரிகன்ரைன்' என்றும் இருவகையாகவும் அழைக்கப்பட்டு வந்துள்ளது. இவை ஒருபொருட் சொற்கள் அல்ல. பிரிகன்ரைனின் முன்பாய்மரத்திற் குறுக்குப் பருமல்களிலே சதுரப்பாய்கள் தொங்கும். பின்மரத்திலோ பாய்கள் கப்பலின் நீளவாட்டில் அமையும். ஸ்கூனரின் இரு மரங்களிலும் முதன்மைப் பாய்கள் நீளவாட்டிலேயே அமையும். முன்னது பின்காற்றில் விரையும். பின்னது எதிர்க்காற்றை ஓரளவு நெருங்கிச் செல்லும். பருவக்காற்றின் வழியே வங்கக் கடலைக் கடந்த கலத்துக்கு எது பொருந்திற்று? நீண்ட பயணத்துக்காக ஏதேனும் மாற்றப்பட்டதா? கட்டுரையாளன் 'இரு பாய்மரக் கப்பல்' என எழுதி இவ்வினாவைக் கடந்து சென்றுவிடலாம். மாதிரி செய்பவனுக்கு அவ்வழி இல்லை. பருமலை இட வேண்டும், அல்லது இடாது விட வேண்டும். நிழற்படங்களைத் துருவி நோக்கவும், முதியோரை வினவவும், ஒன்றோடொன்றை ஒப்பிடவும் மாதிரி அவனைக் கட்டாயப்படுத்துகின்றது. ஆய்வு நெறி என நாம் வகுப்பறையிற் பயில்வது இதுவன்றோ?

இழந்து வருவன

கயிற்றோடு சொல்லும் மறைகின்றது. ஏரா, வங்கு, பருமல், ஆஞ்சான், தாமான், பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று ஆகிய சொற்களை அகராதிகள் காத்துள்ளன. எனினும், அகராதிச் சொல் எப்பொருளைச் சுட்டிற்று என்பதை விரலால் தொட்டுக் காட்ட வல்லார் அருகி வருகின்றனர். வாணிகம் மாறியதே இதற்கு அடிப்படைக் காரணம். 1905இல் இருப்புப்பாதை காங்கேசன்துறையை அடைந்தது; 1942இல் பர்மா யப்பானியர் வசமானபோது அரிசி வாணிகம் அறுந்தது; அதன்பின் இயந்திரக் கலங்களும் எல்லைக் கட்டுப்பாடுகளும் பாய்க்கப்பலுக்கு இடமின்றிச் செய்தன. பிற்காலப் போரும் இடப்பெயர்வும் ஊரையும் ஊரின் நினைவையும் சிதறடித்தன. கடலோடிக் குடும்பத்தார் பலர் இன்று வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வாழ்கின்றனர். இன்னும் பலர் கடல் கடந்துவிட்டனர்.

அன்னபூரணியை நாம் மறந்துவிடவில்லை என்பது உண்மை. பெருமை பேசும்போதெல்லாம் அதனை நினைவுகூர்கின்றோம். வடமராட்சி கிழக்கு நாகர்கோவிலின் கப்பல் திருவிழா போல, கப்பல் நம் வழிபாட்டிலும் இடம்பெற்றுள்ளது. ஆயின் நினைவுச்சின்னம் வேறு, அளவறிந்த மாதிரி வேறு. முன்னது உணர்வைக் காக்கும். பின்னது அறிவைக் காக்கும். உணர்வு மட்டும் எஞ்சி அறிவு மறையுமாயின், அடுத்த தலைமுறை அன்னபூரணியைப் புராணக் கதையென எண்ணுதல் கூடும்.

செய்யத்தக்கன

கொழும்பு வாழ் மாணவராகிய நமக்கு இத்துறையிற் செய்யத்தக்க பணி உண்டு. கொட்டாஞ்சேனை மேட்டின் அடியில் விரிந்து கிடக்கும் துறைமுகத்தை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அதனை அண்டிய ஒல்லாந்தர் காலக் கட்டடத்திற் கடல்சார் அருங்காட்சியகமும் உண்டு. முதலாவதாக, நம்மிடையே வாழும் முதிய கடலோடிகளிடமும் அவர்தம் மக்களிடமும் கலச் சொற்களையும் தொழின்முறைகளையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். இரண்டாவதாக, வீடுகளிற் பேணப்படும் பழைய நிழற்படங்களைப் படியெடுத்தல் வேண்டும். மூன்றாவதாக, இவற்றின் துணைகொண்டு அளவுப்படம் வரைந்து, மர வேலை அறிந்தாரோடு கூடி மாதிரியொன்றைச் செய்தல் வேண்டும். ஒவ்வோர் உறுப்பும் எச்சான்றின் அடிப்படையில் அமைந்தது என்பதை ஓர் ஏட்டிற் குறித்து மாதிரியோடு வைத்தலும் இன்றியமையாதது. தமிழும் வரலாறும் புவியியலும் பயில்வோர் ஒருங்கே ஈடுபடத்தக்க பணி இது. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பொறுமையும் காலமும் வேண்டும். பொறுமை நம்மிடம் உண்டு. காலமோ, அக்கயிறுகளைக் கையாண்டாரிடம் நேரிற் கேட்டறிந்தோரின் ஆயுளால் அளவிடப்படுவது. ஆதலின், வினாக்கொத்தும் ஒலிப்பதிவுக் கருவியும் ஏந்தி வெள்ளவத்தையிலிருந்தே இப்பணியைத் தொடங்குதல் நம் கடனாகும்.