ஐந்தும் ஆறும், ஆறும் ஐந்தும்

தரம் 11 வகுப்பில் நிகழ்தகவு படிப்பித்துக் கொண்டிருந்தேன். கோடாத இரண்டு தாயக்கட்டைகளை ஒருங்கே உருட்டும்போது கூட்டுத்தொகை 11 ஆக இருப்பதற்கான நிகழ்தகவு யாது என்பது கணக்கு. நெய்யரியில் 36 புள்ளிகளைக் குறித்து, இரண்டை வட்டமிட்டு, 2/36 என்று எழுதுவது வழமை. ஒரு மாணவன் மட்டும் 1/21 என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனையால் குறுக்கே கீறினேன்.

“ஐந்தும் ஆறும் விழுறதும், ஆறும் ஐந்தும் விழுறதும் ஒண்டுதானே சேர்? ஏன் ரெண்டு தரம் எண்ணணும்?” என்றான்.

“புத்தகத்தில அப்படித்தான் இருக்கு” என்றேன்.

ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறி இருபது வருடங்களுக்கு மேலாகியும் என்னிடமிருந்த பதில் அவ்வளவுதான். பையன் அன்று பாடம் முடியும்வரை வாய் திறக்கவில்லை. அது என்னை உறுத்தியது. இரவு பழைய கணித வரலாற்று நூல்களைப் புரட்டத் தொடங்கினேன்.

சூது மிகப் பழையது. அதைக் கணக்கிட்டுப் பார்த்த வரலாறோ மிக இளையது. நளன் கதையை நாமெல்லோரும் அறிவோம். தேரில் போகும்போதே ஒரு மரத்தின் இலைகளையும் காய்களையும் எண்ணிச் சொன்ன இருதுபன்னன்தான் நளனுக்குச் சூதின் இரகசியத்தையும் கற்றுக்கொடுக்கிறான். எண்ணத் தெரிந்தவனுக்கே சூதும் தெரியும் என்ற எண்ணம் அக்கதையில் இருக்கிறது. ஆனால் எதை எப்படி எண்ணினான் என்பதைக் கதை சொல்வதில்லை.

எண்ணிக் காட்டிய பழைய நூல்களுள் ஒன்று ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘தே வெதுலா’ என்ற இலத்தீன் செய்யுள் நூல். மூன்று கட்டைகள் விழும் விதங்கள் 56 என்று அது முதலில் எண்ணுகிறது. என் மாணவன் எண்ணிய முறை இதுதான். பிறகு, எந்தக் கட்டையில் எந்த எண் என்று பிரித்துப் பார்த்தால் 216 என்றும் அந்நூலே சொல்கிறது. விடை அங்கேயே இருந்தது; பார்த்தவர்கள் சிலர். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவரான கார்தானோ இரண்டு கட்டைகளுக்கு 36 என்ற கணக்கைத் தம் சூதாட்ட நூலில் எழுதினார். மனிதர் தாமே பெரும் சூதாடி. அவர் 1576 இல் காலமானார். நூல் அச்சேறியது 1663 இல்.

என்னை அதிகம் கவர்ந்தது கலிலியோவிடம் வந்த கேள்வி. மூன்று கட்டைகளில் கூட்டுத்தொகை 9 வருவதற்கு ஆறு வழிகள் உண்டு: 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3. கூட்டுத்தொகை 10 வருவதற்கும் ஆறே வழிகள்: 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4. அப்படியிருக்க, 9 ஐ விட 10 அடிக்கடி விழுவதாக ஆடுகிறவர்கள் சொல்கிறார்களே, ஏன்?

கலிலியோவின் பதில் மிக எளியது. இந்த ஆறு வழிகளும் ஒரே நிறையுள்ளவை அல்ல. 2-3-4 போல மூன்றும் வெவ்வேறாக இருப்பவை ஆறு விதமாக விழும். 1-4-4 போல இரண்டு ஒத்திருந்தால் மூன்று விதம். 3-3-3 ஒரே விதம். கூட்டிப் பார்த்தால் 9 க்கு 25. 10 க்கு 27. மொத்தம் 216. நூறு தடவை எறிந்தால் வித்தியாசம் ஒரு தடவைகூட வராது. அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை எண்ணும் முறை அறியாத சூதாடிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்! எத்தனை இரவுகளை, எத்தனை காசை இழந்து பெற்ற அறிவோ அது.

அதன் பின்னர் 1654 இல் பாஸ்கலும் பேர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் எல்லாப் பாடநூல்களிலும் உள்ளவை. பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தைப் பங்கிடுவதற்குப் பாஸ்கல் ஓர் எண் முக்கோணத்தைக் கையாண்டார். அந்த முக்கோணத்தை 12ஆம் நூற்றாண்டிலேயே அஸ்-ஸமவ்அல், தமக்கு முந்திய அல்-கறஜியின் பெயரைச் சொல்லித் தம் நூலில் தந்திருக்கிறார். ‘எல்லாம் நம்மவர் முன்பே கண்டவை’ என்று எழுதிவிட்டு நகர்வது நம் ஏடுகளில் சிலருக்குப் பழகிப்போன ஒன்று. முக்கோணம் அவர்களிடம் இருந்தது உண்மை. ஆனால் அது அட்சரகணிதத்துக்காக இருந்தது; தாயக்கட்டைக்காக அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேசுவது அவர்களுக்கும் செய்யும் மரியாதையாகாது.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். வகுப்பில் உருட்டிக் காட்டலாமென்று ஒரு லூடோப் பெட்டியிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்துப் போயிருந்தேன். செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. இஷா முடிந்து பள்ளிவாசலை விட்டு இறங்கும்போது, என் வாப்பாவின் வயதொத்த ஒரு ஹாஜியார் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“என்ன மாஸ்டர், பிள்ளைகளுக்குச் சூதா படிச்சுக் குடுக்கிறீங்க?”

கோபமில்லை, கவலைதான். நர்து ஆட்டத்தைக் கண்டிக்கும் ஹதீஸை நானும் அறிவேன். இந்தக் கணக்கு இன்று மழைக்கும் நோய்க்கும் உதவுகிறது, 1693 இலேயே ஹாலி என்பவர் ஒரு நகரத்தின் மரணப் பதிவுகளைக் கொண்டு ஆயுள் கணக்குப் பார்த்தார் என்றெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். “அப்ப கட்டை எதுக்கு?” என்றார்.

நியாயமான கேள்வி. கட்டைகளை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, இரண்டு பால்மாத் தகரங்களில் கடதாசித் துண்டுகளை இட்டேன். ஒன்றில் 1 முதல் 6 வரை சிவப்பில், மற்றதில் நீலத்தில். ஒவ்வொன்றிலுமிருந்து எழுமாற்றாக ஒவ்வொரு துண்டை எடுத்து, எண்ணைக் குறித்து, திரும்பவும் இடவேண்டும். சிவப்பு 5, நீலம் 6 என்பதும், சிவப்பு 6, நீலம் 5 என்பதும் வேறு வேறு என்பது எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்தது. அவன் மட்டும் விடவில்லை.

“ரெண்டும் ஒரே நிறமெண்டா சேர்?”

இம்முறை புத்தகத்தைக் காட்டவில்லை. “நிறத்தை அழித்துவிட்டால் துண்டுகள் கையில் வரும் விதம் மாறுமா?” என்று கேட்டேன். யோசித்தான். மாறாது. நிறம் நம் கண்ணுக்குத்தான். துண்டுக்கு அது தெரியாது. இரண்டு பாடவேளைகள் மாறி மாறி எடுத்துக் குறித்தார்கள். 12 ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு 11 வந்தது. பட்டியலை அவனே கரும்பலகையில் எழுதினான்.

அந்த வாரம் படித்தவற்றில் ஒன்றை அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான லைப்னிட்ஸ் (1646 - 1716), இரண்டு கட்டைகளில் 11 விழுவதும் 12 விழுவதும் சம வாய்ப்புள்ளவை என்று எழுதியிருக்கிறார். ஐந்தும் ஆறும் ஒரு வழி, ஆறும் ஆறும் ஒரு வழி என்பது அவர் நியாயம். பாஸ்கலின் கடிதங்களுக்குப் பின் வந்தவர்தான் அவர். பிரான்சின் தலம்பேர் 1754 இல் கலைக்களஞ்சியத்திலேயே இத்தகைய பிழையை நாணயத்தை வைத்துச் செய்தார். இரு தடவை சுண்டினால் ஒரு தலையாவது விழுவதற்கு வாய்ப்பு மூன்றில் இரண்டு என்றார். உண்மையில் அது நான்கில் மூன்று.

அவனுடைய அப்பியாசக் கொப்பியைத் திரும்ப வாங்கினேன். 1/21 பிழைதான், அதைச் சரியென்று போட முடியாது. நான் கீறிய சிவப்புக் கோட்டின் அருகே ‘லைப்னிட்ஸ்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“இது ஆர் சேர்?” என்றான்.