சொந்தமாகத் தூண்டில் ராட் கட்டப் போறீங்களா? கைடு அளவைத் தேர்வு செய்வது எப்படி

ஏழடி ஸ்பின்னிங் ராட் ஒன்றைக் கையில் எடுத்து அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பாருங்கள். முதல் வளையம் கிட்டத்தட்ட ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கும். நுனிக்குப் போகப் போகச் சுருங்கி, கடைசியில் ஒரு மிளகு அளவுக்கு வந்துவிடும். இந்த வளையங்களுக்குத்தான் 'கைடு' என்று பெயர். கடையில் வாங்கும் ராடில் இவற்றின் அளவையும் இடத்தையும் கம்பெனியே முடிவு செய்துவிடும். வெறும் பிளாங்க் வாங்கி, வீட்டில் உட்கார்ந்து நூல் சுற்றி, எபாக்சி பூசி நீங்களே ராட் கட்டுவதென்றால் அந்த முடிவு உங்கள் தலையில்.

பெங்களூரு, கொச்சி, சென்னை என்று பல ஊர்களில் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் வார இறுதியில் இதில் இறங்குகிறார்கள். அவர்களில் பலர் பிளாங்கையும் ரீல் சீட்டையும் வாரக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, கைடை மட்டும் 'ஒரு செட்' என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறார்கள். ஆனால் லூர் எவ்வளவு தூரம் போகும், பெரிய மீன் இழுக்கும்போது முடிச்சு சிக்குமா, விலை கொடுத்து வாங்கிய பிளாங்க் வளையவேண்டிய மாதிரி வளையுமா என்பதெல்லாம் இந்த வளையங்கள் கையில்தான் இருக்கிறது.

25, 16, 6... இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன?

கைடின் உள்ளே பீங்கான் போன்ற ஒரு வளையம் பதிந்திருக்கும். அந்த வளையத்தின் வெளிவிட்டம் ஏறக்குறைய எத்தனை மி.மீ. என்பதே அந்த எண். ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் இப்படித்தான் எண் போடுகிறது, பெரும்பாலான மற்ற கம்பெனிகளும் அதையே பின்பற்றுகின்றன.

முதல் குழப்பம் இங்கேதான். 6 என்று எழுதியிருந்தால் நூல் போகும் துளை 6 மி.மீ. இருக்காது. வளையத்தின் தடிமனைக் கழித்தால் மிஞ்சுவதுதான் துளை. தடித்த அலுமினியம் ஆக்சைடு வளையத்தில் துளை சின்னது, மெல்லிய டார்சைட் வளையத்தில் அதே எண்ணுக்குத் துளை பெரிது. அதனால் 'என் நண்பர் 5 போட்டார், எனக்கும் 5' என்று எடுக்காதீர்கள். அவர் போட்ட வளையம் எந்த ரகம் என்றும் கேளுங்கள். கையில் ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

நுனியில் மாட்டும் டிப்-டாப்புக்கு மட்டும் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று வளையத்தின் அளவு, இன்னொன்று பிளாங்க் நுழையும் குழாயின் அளவு. குழாய் அளவை அமெரிக்க முறையில் அங்குலத்தின் 64-ல் ஒரு பங்குக் கணக்கிலும், ஜப்பானிய முறையில் மி.மீ.யிலும் சொல்வார்கள். ஆர்டர் போடும்முன் எந்த முறை என்று பார்த்துவிடுங்கள்.

ஸ்பின்னிங் ரீலுக்கு முதல் கைடு ஏன் அவ்வளவு பெரிது?

ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் சுற்றாது. நூல் அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாக வெளியே பாய்கிறது. முதல் கைடு சின்னதாகவும் ரீலுக்குப் பக்கத்திலும் இருந்தால் அந்தச் சுருள் வளையத்திலும் பிளாங்கிலும் அடித்து வேகத்தை இழக்கும். மெல்லிய பிரெய்டு நூலாக இருந்தால் சிக்கலும் விழும்.

அதற்காகப் பெரிய வளையங்களையே கடைசிவரை கொண்டுபோக முடியாது. எடைதான் காரணம். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை ராடின் பிடிக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி வீசுங்கள், வித்தியாசமே தெரியாது. அதே நாணயத்தை நுனியில் ஒட்டி வீசுங்கள். இத்தனைக்கும் இப்போதைய நாணயம் 4 கிராம்கூட இல்லை. நுனி தலையாட்டிக்கொண்டே இருக்கும், லூர் போய் விழுந்த பிறகும் அதிர்வு அடங்காது. நுனிப் பக்கம் குறைக்கிற ஒவ்வொரு அரை கிராமுக்கும் மதிப்பு உண்டு. அடிப்பக்கத்தில் அந்தக் கணக்கைப் பார்க்கவே வேண்டாம்.

ஆக, சுருளைப் பெரிய வளையத்தில் பிடித்து, படிப்படியாக அடக்கி, ஓர் இடத்தில் நேர்கோடாக்கிவிட வேண்டும். அந்த இடத்தில் வரும் கைடுக்கு 'சோக் கைடு' என்று பெயர். அதன் பிறகு நுனிவரை ஒரே அளவுச் சின்ன வளையங்கள் போதும்.

சோக் கைடு எங்கே வரும்?

ஃபூஜி முறையில் கட்டுபவர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்பூலின் முன்விளிம்பு விட்டத்தை 27-ஆல் பெருக்குங்கள். ஸ்பூல் முகத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் சோக் கைடு. ஸ்பூலின் அச்சை ஒரு நேர்கோடாக நீட்டினால் அது பிளாங்கைத் தொடும் இடத்தையும் கூடவே பார்த்துக்கொள்வார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் நிம்மதி.

ஓர் உதாரணம். கழிமுகத்தில் கொடுவா பிடிக்க ஏழடி ராட் கட்டுகிறீர்கள், அதாவது 213 செ.மீ. 3000 அளவு ரீல், ஸ்பூல் விட்டம் 45 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் ரீலை அளந்துதான் ஆகவேண்டும், ஒரே 3000-ல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.) 45-ஐ 27-ஆல் பெருக்கினால் 1,215 மி.மீ., அதாவது 121.5 செ.மீ. அடிமுனையிலிருந்து ஸ்பூல் முகம் 45 செ.மீ.யில் இருந்தால், சோக் கைடு 166.5 செ.மீ.யில் விழும். அங்கிருந்து நுனிக்கு மீதி 46.5 செ.மீ.

இப்போது வளையங்களை அடுக்கலாம். ஸ்பூல் முகத்திலிருந்து சுமார் 50 செ.மீ. தள்ளி 25. அடுத்து 78 செ.மீ. வாக்கில் 16, 101 செ.மீ. வாக்கில் 10. 121.5-ல் சோக் கைடாக ஒரு 6. அதன்பின் நுனிவரை இன்னும் நான்கு 6, நுனியை நெருங்க நெருங்க இடைவெளியைக் குறைத்து 10 செ.மீ.யிலிருந்து 8 செ.மீ. வரை. மொத்தம் எட்டு. 'ராட் எத்தனை அடியோ அதோடு ஒன்று' என்ற பழைய கணக்கும் இதைத்தான் சொல்கிறது, டிப்-டாப் அதில் சேராது. உயரமான சட்டம் கொண்ட புதிய கைடு என்றால் 25-க்குப் பதில் 20-ல்கூட ஆரம்பிக்கலாம், ஏனென்றால் வளையம் பிளாங்கிலிருந்து எட்டி நின்று சுருளைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும்.

இதெல்லாம் தொடக்கப் புள்ளிதான். 2 செ.மீ. முன்பின் நகர்ந்தால் ஒன்றும் ஆகாது. மூன்று தசமம்வரை கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்து மிரளாதீர்கள்.

முடிச்சு போகுமா?

சின்ன வளையம் நல்லது என்றதும் 4, 4.5 என்று மைக்ரோ கைடுகளை நோக்கி ஓடத் தோன்றும். கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் பிரெய்டு நூலின் முனையில் தடித்த தங்கூஸ் லீடர் கட்டுவீர்கள் இல்லையா, அந்த முடிச்சு ஒவ்வொரு வளையத்தையும் தாண்டிப் போகவேண்டும், திரும்பியும் வரவேண்டும். போகும்போது தட்டினால் தூரம்தான் குறையும். மீன் கடைசி நேரத்தில் படகுக்கு அடியில் பாயும்போது உள்ளே வந்த முடிச்சு வெளியே போக மறுத்தால் நூல் அறுந்துவிடும். மீன் வாயில் லூரோடும் ஒரு முழ லீடரோடும் போகும். 'பிடித்து விட்டுவிடுவேன்' என்று சொல்லிக்கொண்டு மீன் பிடிக்கிறவருக்கு இதைவிட மோசமான முடிவு கிடையாது.

எனவே வாங்கும்முன் உங்கள் நூலில், உங்கள் லீடரில், நீங்கள் வழக்கமாகப் போடும் முடிச்சையே போட்டு, ஒரே ஒரு வளையத்தில் இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். எஃப்.ஜி. முடிச்சு ஒல்லி, 6-ல் சாதாரணமாகப் போய்விடும். யூனி முடிச்சுதான் வரும் என்றால் ஒரு அளவு கூட்டிக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் பெரியதை எடுங்கள். இழக்கும் எடை மிச்சம் சொற்பம்.

அந்தமானில் ராட்சதப் பாறை மீனுக்கு பாப்பர் வீசும் ராட் என்றால் கணக்கே வேறு. பி.இ. 8 நூல் ஏறக்குறைய 0.47 மி.மீ., அதோடு சேரும் லீடர் 1 மி.மீ. அல்லது அதற்கும் மேல். அங்கே 40-ல் ஆரம்பித்து நுனியிலும் 12, 16 என்று வைப்பார்கள். எடை பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சட்டம் வளையக்கூடாது, வளையம் தெறிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பெய்ட்காஸ்டருக்கு இதே கணக்கா?

இல்லை. அங்கே ஸ்பூலே சுற்றுவதால் நூல் நேராக வருகிறது, சுருள் கிடையாது. அடக்க எதுவும் இல்லாததால் முதல் கைடு 10 இருந்தாலே தாராளம். விராலுக்குத் தவளை லூர் வீசுபவர்கள் பெரும்பாலும் லீடர் இல்லாமல் தடித்த பிரெய்டையே நேராகக் கட்டுவதால் முடிச்சுத் தொல்லையும் இல்லை. 10, 8, 7, பிறகு எல்லாமே 6 என்று போகலாம்.

ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. கைடுகள் ராடின் மேல்பக்கம் இருப்பதால், வளைந்த ராடில் இரண்டு கைடுகளுக்கு நடுவே நூல் பிளாங்கில் உரசும். இதற்குத் தீர்வு எண்ணிக்கையைக் கூட்டுவதுதான், அளவைக் கூட்டுவதல்ல. அதே ஏழடிக்கு ஒன்பது, பத்து வரை போகவேண்டி வரலாம்.

நூல் சுற்றும்முன் ஒரு சோதனை

கணக்குப் போட்ட இடத்தில் உடனே நூல் சுற்றிவிடாதீர்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வு டியூபைச் சின்னச் சின்ன வளையமாக வெட்டி, கைடின் கால்களைப் பிளாங்கோடு இறுக்கி நிறுத்துங்கள். வேண்டியபோது நகர்த்திக்கொள்ளலாம். டிப்-டாப்பை ஹாட்-மெல்ட் பசையில் ஒட்டினால் பிறகு சூடுகாட்டிக் கழற்றலாம்.

பிடியைச் சாய்வாக நிலையாக வைத்து, நூலைக் கைடுகள் வழியே விட்டு, முனையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். ராடின் பலத்தைப் பொறுத்து எடையை மெதுவாகக் கூட்டுங்கள். பிடியைச் செங்குத்தாக நிமிர்த்திவிடாதீர்கள், பாரம் முழுக்க நுனியில் இறங்கிப் பிளாங்க் அங்கேயே முறிந்துவிடும்.

இப்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். நூல் பிளாங்கின் வளைவை ஒட்டியே போகவேண்டும். எங்காவது இரண்டு கைடுகளுக்கு நடுவே நூல் வில்லின் நாண் மாதிரி நேராக விறைத்து, வளைவு அதைவிட்டு விலகி நின்றால் அங்கே இடைவெளி அதிகம். பாரம் சமமாகப் பரவாமல் இரண்டு பக்கக் கைடுகளிலும் குவிகிறது என்று அர்த்தம். ஒன்றை நகர்த்துங்கள், அல்லது ஒன்று கூட்டுங்கள்.

அடுத்து பாட்டிலைக் கழற்றிவிட்டு, மொட்டை மாடிக்கோ காலி மைதானத்துக்கோ போய், ஊசி இல்லாத எடையைக் கட்டி வீசுங்கள். இந்த நிலையில் மென்மையாக வீசினால் போதும். முதல் கைடில் 'டப் டப்' என்று நூல் அடிக்கும் சத்தம் கேட்டால் அதை 2 செ.மீ. முன்னே தள்ளி மறுபடி வீசுங்கள். சத்தம் குறைந்த இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

நூல் சுற்றத் தொடங்கும்முன் கடைசியாக ஒரு வேலை. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் ஒருமுறை சுழற்றுங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது. எபாக்சி பூசிய பிறகு கண்டுபிடிப்பதைவிட, அதை இப்போதே திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.